கேசவண்ணன் எடுத்த படத்தில் ஒரு பாட்டு

என் கையில் மைக் இருந்தது. தருமபுரியில் வணிகர் சங்கக் கட்டடத்தின் மாடி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். பந்தல்காரரிடம் வாடகைக்கு வாங்கிய சிவப்புத் துணியை ஜன்னல்களில் கட்டி அறையை இருட்டாக்கியிருந்தோம். வெயில் அந்தத் துணி வழியாகக் கசிந்து எல்லோர் முகத்தையும் செங்கல் நிறமாக்கியிருந்தது. கீழே பிரியாணிக் கடையில் தம் உடைத்த வாசனை படியேறி வந்துகொண்டிருந்தது.

திரையில் ஒரு வெள்ளை நகரம். எங்கு பார்த்தாலும் பளிங்கு. அகலமான படிக்கட்டில் பலகைகளைப் போட்டு, அதன்மேல் கட்டில் அளவுக்கு ஒரு பளிங்குப் பாளத்தை ஒரு கூட்டம் மேலே தள்ளிக்கொண்டிருந்தது. நான் தாளைப் பார்த்து மைக்கில் வாசித்தேன்: "தூர தேசங்களிலிருந்து வந்த உழைப்பாளிகள், தங்கள் தாய்மொழியில் தந்தையின் புகழைப் பாடுகிறார்கள்."

பாட்டு ஆரம்பித்தது. தமிழ்ப் பாட்டு. அதுவும் சென்னைத் தமிழோ மதுரைத் தமிழோ இல்லை, காரிமங்கலம் சந்தையில் காதில் விழுகிற தமிழ்.

அந்தப் பாட்டுக்குப் போவதற்குமுன் படத்தை எடுத்தவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் போனால் அவருக்கு அநியாயம் செய்தவளாகிவிடுவேன். அவரே நிறையச் செய்திருக்கிறார், நானும் சேர்ந்து செய்ய வேண்டாம்.

போலீசுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று

கோடம்பாக்கத்து எடிட்டிங் அறைகளில் நான் உதவியாளராக இருந்த கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். அதில் கேமராமேன் சென்னகேசவனைப் பற்றி ஒரே ஒரு வரி வந்தது. நம்ம மாவட்டத்துக்காரரைப் பற்றி ஏன் இப்படி மழுப்பிவிட்டீர்கள் என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். மழுப்பத்தான் செய்தேன். அவர்மேல் எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை.

நாங்கள் கேசவண்ணன் என்போம். தொப்பூர்ப் பக்கத்துக்காரர். வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ், பெங்களூர் லாரிக்காரர்களோடு கன்னடம் என்று மூன்றிலும் கதையளக்கத் தெரிந்தவர். அவர் பேச ஆரம்பித்தால் டீ ஆறிப்போகும், யாரும் எழுந்திருக்க மாட்டோம்.

சினிமாவுக்கு வருவதற்குமுன் அவர் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் இருந்தார். தொப்பூர் கணவாயில் லாரி கவிழாத வாரம் கிடையாது. போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தால் கேமராவைத் தூக்கிக்கொண்டு சைக்கிளில் போவார். ஒவ்வொரு பிணத்துக்கும் இரண்டு படம் எடுப்பாராம். ஒன்று கிடந்தது கிடந்தபடி, அது போலீசுக்கு. அப்புறம் முகத்தைத் துடைத்து, தலையை வாரி, திறந்த வாயைத் துண்டால் கட்டி, சற்று நேரம் கழித்து அவிழ்த்துவிட்டு இன்னொன்று. அது வீட்டுக்கு.

"தூங்கற மாதிரி இருக்கணும் மல்லிகா. இல்லன்னா பெத்தவளுக்குச் சோறு எறங்காது," என்று சொல்லியிருக்கிறார். இதைச் சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கும். இவ்வளவு இளகிய மனுஷனா என்று நானும் கரைந்துபோவேன்.

தொழிலில் கெட்டிக்காரர். கேமராவைக் கண்டதும் விறைத்துப்போகிற ஆளைக்கூட இரண்டு வார்த்தை பேசிச் சிரிக்கவைத்துவிடுவார். சோப்பு விளம்பரமோ குடும்பநலத் துறைப் படமோ, அவர் எடுத்த கூட்டத்தில் ஒரு முகம்கூடச் செத்துக் கிடக்காது. வெட்டும் மேஜையில் உட்கார்ந்தவளுக்குத்தான் அந்த அருமை தெரியும்.

தந்தையின் கேமராமேன்

பிறகு சென்னையில் வேலை குறைந்தது. யாரோ ஒரு ஏஜென்சிக்காரர் சொல்லி, கேசவண்ணன் வெளிநாடு போனார். அந்த நாட்டின் பெயரை எழுதப்போவதில்லை. நம்ம பிள்ளைகள் இன்னும் அங்கே வேலை செய்கிறார்கள். அதை ஆண்டவரை ஜனாதிபதி என்று யாரும் சொல்லக் கூடாது, 'தந்தை' என்றுதான் சொல்ல வேண்டும். அவருக்கு எதிராகத் தேர்தலில் நின்றவர்கள் சிறையில் இருந்தார்கள், மீதிப் பேர் மண்ணுக்குள் இருந்தார்கள்.

அங்கே டிவி கம்பெனியில் சாதாரணக் கேமராமேனாகச் சேர்ந்தவர், சில வருடங்களில் தந்தையின் படங்களை இயக்குகிறவராகவே ஆகிவிட்டார். தந்தைக்கு இடது கன்னம் பிடிக்காது, அதனால் கேமரா எப்போதும் வலது பக்கம். தந்தை நடக்கும்போது அவருக்கு முன்னால் யாருடைய நிழலும் விழக் கூடாது. லீவில் வரும்போது இதையெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அங்கே இருந்த எடிட்டர் ஒருவர், கூட்டத்தில் ஒரு கிழவர் கொட்டாவி விடுகிற ஷாட்டை வெட்டாமல் விட்டுவிட்டாராம். படம் ஒளிபரப்பான கொஞ்ச நாளில் அவர் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். பழையவர் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. "நானும் கேக்கலை," என்றார் கேசவண்ணன். அன்றைக்கு மட்டும் அவர் சிரிக்கவில்லை.

ஜாபர் பாயோடு சண்டை

நான் ஊர் திரும்பி, இங்கே நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு திரைப்படச் சங்கம் ஆரம்பித்து வருஷங்கள் ஆகின்றன. மாதம் ஒரு படம், அதன்பின் ஒரு விவாதம், அதன்பின் வெங்காயப் பக்கோடா. பக்கோடாவுக்காக மட்டும் வருகிறவர்களும் உண்டு.

ஓய்வு பெற்று ஊரில் வந்து உட்கார்ந்த கேசவண்ணன் தானாகவே கேட்டார். தன் படங்களிலேயே பெரிய படம், அந்த வெள்ளை நகரம் கட்டப்பட்ட கதை, அதை நம் சங்கத்தில் போட வேண்டும் என்றார். அங்கே கல் பதித்தவர்களில் பாதிப் பேர் நம் மாவட்டத்துக் கல்குவாரி ஆட்கள்தான், அவர்களும் படத்தில் இருக்கிறார்கள், அந்தக் குடும்பங்களையும் கூப்பிடலாம் என்று ஆசையாகச் சொன்னார். எனக்கு நல்ல யோசனையாகப் பட்டது. ஒரு சால்வையும் வாங்கச் சொல்லிவிட்டேன்.

சங்கத்தில் ஜாபர் பாய் என்று ஒருவர் இருக்கிறார். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இரும்புக் கடை. அவர் ஒரேயடியாக மறுத்தார். கொலைகாரனுக்கு மேக்கப் போட்டவரை நாம் எதற்குக் கொண்டாட வேண்டும் என்று கேட்டார்.

நான் விடுவேனா? கலை வேறு, அதற்குக் கூலி கொடுத்தவன் வேறு என்றேன். இன்றைக்கு நாங்கள் போய்க் கையெடுத்துக் கும்பிடுகிற கோயில்களை எல்லாம் கட்டியவர்கள் என்ன அஹிம்சைவாதிகளா, அந்தச் சிற்பியையும் கொலைகாரன் கூட்டாளி என்பீர்களா என்று கேட்டேன். ஒரு நல்ல ஷாட் நல்ல ஷாட்தான், அதில் யார் நடந்து போனால் என்ன என்றும் சொன்னேன். எனக்குப் பேசக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

"சிற்பம் ஆளு புடிக்காதுக்கா. இது புடிக்குது," என்றார் ஜாபர் பாய். அவர் கடையில் வேலை பார்த்த சண்முகத்துக்கு ஏஜென்ட் போனில் காட்டியது இந்தப் படத்தைத்தானாம். வெள்ளை நகரம், சிரிக்கிற தொழிலாளிகள். பார்த்த மறுமாதமே சண்முகம் கிளம்பிவிட்டான். இப்போது முதுகு போய்த் திரும்பி வந்து வீட்டில் படுத்திருக்கிறான்.

பதில் இல்லாதபோது குரலை உயர்த்துவது என் வழக்கம். கடைசியில், படத்தைப் போடுவோம், அவரை வைத்துக்கொண்டே கலைஞனா பிரச்சாரகனா என்று கேட்போம் என்று முடிவானது.

கெம்பம்மா

குடும்பங்களைக் கூப்பிட நானே போனேன். காரிமங்கலத்திலிருந்து டவுன் பஸ்ஸில் போகிற ஒரு ஊர், பொம்மனஅள்ளி. மானாவாரிக் காடு, ஓரமெல்லாம் புளியமரம். அங்கே கெம்பம்மாவைப் பார்த்தேன். அவளுடைய கணவர் மாதையன் அந்த நாட்டில் கல் பதிக்கப் போய் அங்கேயே இறந்துபோனவர்.

மாதையன் போகும்போது மகள் செல்வி கைக்குழந்தை. இப்போது அவள் மாங்கூழ் ஃபேக்டரிக்கு வேலைக்குப் போகிறாள். வீட்டில் அவர் போட்டோ ஒன்றுதான் இருந்தது, பாஸ்போர்ட்டுக்கு எடுத்ததைப் பெரிதாக்கி மாலை போட்டிருந்தார்கள். பாஸ்போர்ட் படத்தில் ஒருவர் எப்படி இருப்பாரோ அப்படித்தான் இருந்தார், முறைத்துக்கொண்டு.

ராத்திரி படுத்தவர் காலையில் எழவில்லை, மாரடைப்பு என்று கம்பெனியில் சொன்னார்களாம். பெட்டி ஆணியடித்து வந்தது. திறக்கக் கூடாது என்று கூட வந்த ஆள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். ஊரில் வேறு மாதிரிப் பேச்சு. அந்த வயசில் யாருக்கு மாரடைப்பு வரும், குடித்தே செத்திருப்பான் என்றார்கள். அந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை. செல்விக்கு மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்கள்கூட அதைக் கேட்டுவிட்டுத்தான் உட்காருகிறார்களாம்.

"என்னமோ போங்க மேடம். தூக்கத்துலயே போய்ட்டாரு, வலி தெரியலை. அதை நெனச்சுத்தான் நான் சோறு திங்கறேன்," என்றாள் கெம்பம்மா.

படத்தில் அவர் இருப்பாரா என்று கேட்டாள். இருக்கலாம் என்றேன். அவர் நடப்பதை மகள் ஒரு தரம் பார்க்கட்டும் என்று சொல்லி வருவதாக ஒப்புக்கொண்டாள்.

இரண்டு சத்தம்

இங்கே என் தொழில் சமாச்சாரம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பயப்படாதீர்கள், சுலபம்தான்.

கேசவண்ணன் பென்டிரைவில் கொடுத்த படத்தில் இரண்டு ஒலித்தடங்கள் இருந்தன. ஒன்றில் அந்த நாட்டு மொழியில் ஒருவர் கணீர்க் குரலில் விளக்கம் சொல்லிக்கொண்டே போவார். இன்னொன்றில் அந்தக் குரல் இருக்காது, படத்தின் சத்தமும் இசையும் மட்டும் இருக்கும். வேறு நாடுகளுக்கு அனுப்பும்போது அவரவர் மொழியில் விளக்கத்தை ஏற்றிக்கொள்ள வசதியாக இப்படி ஒன்று தயார் செய்துவைப்பது வழக்கம்.

நான் முதல் தடத்தை வைத்துக்கொண்டு படத்தை முழுதாகப் பார்த்தேன். கீழே ஓடிய ஆங்கில எழுத்தைத் தமிழாக்கினேன். அந்தக் கல் தள்ளும் இடத்தில் ஏதோ பாடுகிறார்கள் என்று தெரிந்தது, ஆனால் விளக்கக் குரல் அதன்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. திரையிடும் அன்று இரண்டாவது தடத்தை ஓடவிட்டு நானே தமிழில் வாசித்துவிடலாம் என்று ஏற்பாடு. அந்தத் தடத்தை முதல் சில நிமிடங்கள் மட்டும் சோதித்துவிட்டு, சரியாக இருக்கிறது என்று மூடிவிட்டேன்.

படம் ஆரம்பித்ததும் முன்வரிசையிலிருந்த கேசவண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். விளக்கக் குரல் வரவில்லையே என்று பார்க்கிறார், நான் வாசிப்பதைக் கேட்டுச் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். நான் கையசைத்தேன்.

கொஞ்ச நேரத்திலேயே மாதையன் வந்துவிட்டார். குத்தவைத்து உட்கார்ந்து கல்லைத் தட்டிப் பார்க்கிறவர், நிமிர்ந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார். என்ன சிரிப்பு. வெற்றிலைக் கறைப் பல் முழுவதும் தெரிய. கெம்பம்மா செல்வியின் தோளைப் பிடித்து உலுக்கியதை என் இடத்திலிருந்து பார்த்தேன். அந்த நிமிஷத்துக்காகவே கேசவண்ணனுக்கு இரண்டு சால்வை போர்த்தலாம் என்று தோன்றியது.

படம் பாதியைத் தாண்டிய பிறகு அந்தப் படிக்கட்டு வந்தது. நான் தந்தையின் புகழைப் பாடுகிறார்கள் என்று வாசித்தேன். பாட்டு எடுக்கிறவர் ஒரு வரி சொல்ல, மற்றவர்கள் ஐலசா போட்டுத் தள்ளினார்கள்.

கம்பிமேல நின்ன ஆளு – ஐலசா
கல்லோடதான் சாஞ்சு போனான் – ஐலசா
பெரிய மனுசன் வர்ற நேரம் – ஐலசா
பொத்தி வெய்யி தார்ப்பாய் போட்டு – ஐலசா
தண்ணி தண்ணின்னான் மாதையன் – ஐலசா
தள்ளு தள்ளு கல்லைத் தள்ளு – ஐலசா

நம் பக்கத்துக் கல்குவாரியில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. கல் நகர்த்தும்போது அன்றைக்கு நடந்ததையே வரியாகக் கட்டிப் பாடுவார்கள். மேஸ்திரியைத் திட்டுவதும் அதில்தான், மாமியாரைக் கிண்டல் செய்வதும் அதில்தான். அங்கே ஒருவன் செத்ததையும் அதில்தான் சொல்லியிருக்கிறார்கள். வேறு எப்படியும் சொல்ல அவர்களுக்கு வழியில்லை.

பாட்டு முடிந்ததும் திரையில் கார்கள் வரிசையாக வந்தன. தந்தை இறங்கினார், வலது கன்னத்தோடு. நான் மைக்கைக் கீழே வைத்தேன். ஜாபர் பாய் எழுந்து போய் விளக்கைப் போட்டார்.

சாட்சி

கெம்பம்மா அழவில்லை. அந்தப் பாட்டை இன்னொரு தரம் போடச் சொன்னாள். போட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். முடிந்ததும் எழுந்து முன்வரிசைக்குப் போய், கேசவண்ணனிடம் அன்றைக்கு அவர் அங்கே இருந்தாரா என்று கேட்டாள்.

இருந்தேன் என்றார். தந்தை வரும் நாள் என்பதால் காலையிலிருந்தே அங்கேதான் படம் எடுத்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார்.

பிறகு அவர் எழுந்து நின்று எல்லோருக்கும் பொதுவாகப் பேசினார். அந்தப் பாட்டை எடுத்தது மறுநாள், படத்தில்தான் கார்களுக்கு முன்னால் வைத்தது, எடுக்கும்போதே தனக்குப் புரிந்தது என்றார். எடிட்டிங் அறையில் அதைக் கேட்ட மற்ற யாருக்கும் ஒரு வார்த்தை விளங்கவில்லை. வெட்டி எறிந்திருந்தால் தனக்கு ஆபத்தில்லை. யாராவது மொழிபெயர்த்துப் பார்த்திருந்தால் அந்தக் கொட்டாவி எடிட்டர் போன இடத்துக்கே தானும் போயிருக்க வேண்டும்.

"வெட்டலைங்க. என்னைக்காவது புரிஞ்சவங்க காதுல விழட்டும்னு வெச்சேன். அந்தப் படத்துல அது ஒண்ணுதான் நெசம்," என்றார்.

ஜாபர் பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கூட்டத்தில் யாரோ கைதட்டவும் செய்தார்கள். எனக்கா? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஜெயித்துவிட்டேன் என்றுதான் தோன்றியது. கொடுங்கோலனின் அரண்மனையில் உட்கார்ந்துகொண்டு அவன் காசிலேயே ஒரு சாட்சியை ஒளித்துவைத்தவன் கலைஞன் இல்லாமல் வேறு யார்?

கைதட்டல் நின்றதும் கெம்பம்மா கேட்டாள்.

"லீவுல ஊருக்கு வருவீங்களாங்க?"

"வருசா வருசம் வருவேம்மா."

"எங்கூரு காரிமங்கலத்துக்குப் பக்கந்தாங்க. பஸ்ஸு இருக்குது."

கெம்பம்மா குரலை உயர்த்தவில்லை. எங்களுக்குப் புரிகிற பாட்டைப் படத்தில் வைக்கத் தெரிந்தவருக்கு, வந்து ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லையே என்றாள். நான் ஜெயித்ததெல்லாம் அந்த இடத்திலேயே போய்விட்டது.

அவள் கேட்டது ஒன்றுதான். அவர் பொம்மனஅள்ளிக்கு வந்து, ஊரில் நாலு பேர் முன்னால், மாதையன் குடித்துச் சாகவில்லை, எப்படிச் செத்தார் என்று சொல்ல வேண்டும். அவர் சொன்னால்தான் ஊர் நம்பும், பாட்டைக் கேட்டால் யாரோ கட்டியது என்பார்கள். வருகிறேன் என்று கேசவண்ணன் அவள் கையைப் பிடித்துச் சொன்னார். சால்வை பையிலேயே இருந்தது. அன்றைக்குப் பக்கோடாவும் மீந்துபோனது.

பால் சொசைட்டி வாசல்

வரமாட்டார் என்று ஜாபர் பாய் அடித்துச் சொன்னார். கேசவண்ணனின் மகன் இன்னும் அந்த நாட்டில்தான் வேலையில் இருக்கிறான், அதைக் காரணம் காட்டி நழுவிவிடுவார் என்றார். ஆனால் கேசவண்ணன் வந்தார். நாங்கள் மூன்று பேரும் ஜாபர் பாயின் காரில் காலையிலேயே போய் இறங்கினோம்.

பால் ஊற்ற வந்தவர்களை அப்படியே நிறுத்திவைத்திருந்தாள் கெம்பம்மா. சொசைட்டி வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். காலி கேன்களில் ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. புளித்த பால் வாடை. ஊர்ப் பெரியவர்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். செல்வி ஃபேக்டரிக்கு லீவு போட்டுவிட்டு அம்மா பின்னால் நின்றாள்.

கேசவண்ணன் எழுந்து கும்பிட்டுவிட்டுப் பேச ஆரம்பித்தார்.

மாதையனைப் போல ஒரு வேலைக்காரரைத் தான் பார்த்ததில்லை என்றார். அவர் ஒரு நாளும் குடித்ததில்லை என்றார். பெண்கள் பக்கத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. கெம்பம்மாவின் முகம் கொஞ்சம் இளகியது.

அப்புறம் அந்த நாளைச் சொன்னார். வெயில் பளிங்குமேல் பட்டுக் கண் கூசியது, எங்கும் ஒரே வெள்ளை, அந்த வெள்ளைக்கு நடுவே சாரத்தில் மாதையன் மட்டும் நீலச் சட்டையில் நின்றார். பலகை மெல்லத் திரும்பியது. கல்லும் ஆளும் ஒன்றாகச் சாய்ந்தன. அதே நேரம் தூரத்தில் சைரன் சத்தம். காவலர்கள் ஓடிவந்து அவர்மேல் தார்ப்பாயைப் போட்டார்கள். கல்லைப் புரட்டவோ ஆளை எடுக்கவோ நேரமில்லை, தந்தையின் கண்ணில் படக் கூடாது. கார்கள் வந்து நின்று, பேச்செல்லாம் முடிந்து போகும்வரை அவரை அப்படியே விட்டுவிட்டார்கள்.

ஊரே மூச்சு விடாமல் கேட்டது. பால் கேனைப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு கிழவர் கண்ணைத் துடைத்தார். நீலச் சட்டையை நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

"தார்ப்பாய்க்குள்ளருந்து ஒரே ஒரு பேருதாங்க வந்துகிட்டே இருந்துது. கெம்பம்மா, கெம்பம்மான்னு. கடைசி மூச்சு வரைக்கும் உங்க பேருதாம்மா."

பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். ஒருத்தி சத்தமாகவே அழுதுவிட்டாள். கெம்பம்மா எழுந்தாள்.

"எம் பேரையா சொன்னாரு?"

"ஆமாம்மா."

"அவரு எம் பேரைச் சொல்லிக் கூப்ட்டதே இல்லீங்க. கட்டுன நாள்லருந்து புள்ளேன்னுதான் கூப்புடுவாரு."

கூட்டத்தில் எல்லோருக்கும் அது சட்டென்று புரிந்தது. இந்தப் பக்கத்தில் அந்த வயசு ஆம்பிளை எவனும் பெண்டாட்டியை நாலு பேர் காதில் விழப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டான். கூச்சம் செத்தாலும் போகாது. இதே மாவட்டத்தில் பிறந்த கேசவண்ணனுக்கு இது தெரியாததில்லை. மறந்துபோயிருந்தார்.

பாட்டில் தண்ணி என்றுதானே வந்தது என்று கெம்பம்மா கேட்டாள். கேசவண்ணன் சுற்றிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டேன்.

"ஒரு ஆறுதலா இருக்கட்டுமேன்னு…" என்றார்.

"ஆறுதல் இத்தனை வருசம் இருந்துதுங்க. தூக்கத்துல போனாருன்னு. அது போதும். தண்ணி கேட்டாரு, குடுக்கலை. அதை மட்டும் சொல்லிட்டுப் போங்க."

கலைஞனா பிரச்சாரகனா என்று ஜாபர் பாய் அதற்குப் பிறகு என்னிடம் கேட்கவேயில்லை. நான் மட்டும் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். கேசவண்ணன் சொன்ன கதையில் வெயில் நிஜம், நீலச் சட்டை நிஜம், தார்ப்பாய் நிஜம். அவ்வளவு நிஜத்தையும் அடுக்கி அதன்மேல் அந்தப் பொய்யை எவ்வளவு அழகாக உட்காரவைத்தார். அதில் கெட்ட எண்ணம் இருந்ததாகவும் நான் நினைக்கவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

"அன்னைக்கு வெயில் ரொம்ப…" என்று கேசவண்ணன் ஆரம்பித்தார்.

"வெயிலு வேணாங்க," என்றாள் கெம்பம்மா.

அவர் நின்றுகொண்டே இருந்தார். மூன்றே வார்த்தை, அதை அவரால் சொல்ல முடியவில்லை. தண்ணீர் கொடுக்காதவர்களில் தானும் ஒருவர் என்று அதில் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. மாதையனின் குரல் காதில் விழுகிற தூரத்தில் நின்றவர் அவர்.

கெம்பம்மா திரும்பி, ஊரைப் பார்த்து அவளே சொன்னாள்.

"தண்ணி கேட்டாரு. குடுக்கலை. இவரு அங்கதான் படம் எடுத்துக்கினு இருந்தாரு."

கேசவண்ணன் மறுக்கவில்லை.